வெயிலில் மட்டும் விழும் கோடு

அந்தப் பட்டறையில் மனுஷர்களுக்கு இல்லாத மரியாதை ஒரு கேமராவுக்கு இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பழைய டிஜிட்டல் கேமரா. மூலைகளில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து அடிக்கறுப்பு எட்டிப் பார்க்கும். பொத்தானை அழுத்தினால் சொய்ங் என்று மூக்கை நீட்டும். சில நாள் பாதி நீட்டிவிட்டு, இன்றைக்கு முடியாது என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊர் உலகமெல்லாம் போனில் படம் எடுக்கத் தொடங்கி எவ்வளவோ காலமாகியும் பட்டறைக்காரர் அதை விடுவதாக இல்லை.

"போன்ல எடுத்ததைக் காட்டினா, நீயே ஏதோ தில்லுமுல்லு பண்ணிக் கொண்டாந்துட்டேம்பான். இதுல பாரு, மூலையில தேதி தானா அச்சாகி வருது. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?" என்பார்.

நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, பாலீஷ் போட்டுத் தருகிற பட்டறை அது. தகரம் தட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் பட்டறைக்காரர். பாலீஷ் அவருடைய தம்பி. போன கோடைவரைக்கும் அப்படி. இப்போது பாலீஷ் போட வெளியாள் வருகிறான். வருகிறேன் என்று சொன்ன நாளில் வராமலும் இருக்கிறான். மற்ற எல்லாம் பட்டறைக்காரரின் மனைவி. போனை எடுப்பது, வாடிக்கைக்காரரை உட்காரவைத்து டீ வாங்கித் தருவது, "நாளைக்கு கண்டிப்பா ரெடியாயிடும் சார்" என்று கூசாமல் பொய் சொல்வது, படம் எடுப்பது. தெருவில் அவளுக்குப் பட்டறையம்மா என்று பெயர்.

வண்டி வந்ததும் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்திப் படம் எடுப்பாள். வேலை முடிந்து கிளம்பும்போது வாசல் வெயிலில் நிறுத்தி மறுபடி எடுப்பாள். வாசலில் ஒரு பக்கம் சுவர் முட்டும் என்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் ஒன்று. நிற்கிற இடம்கூட மாறாது. சிமெண்டுத் தரையில் தன் கால் வைக்கிற இடத்தில் பெயிண்டால் குறி போட்டு வைத்திருந்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்று அவளுக்குள் ஒரு கர்வம் உண்டு.

அன்று காலையில் மழை கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வெயில் சுள்ளென்று அடித்தது. வந்திருந்த காரைப் படம் எடுத்துக் கணினியில் போட்டால், கூரை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, அதற்குக் கீழே ஒன்றையும் காணோம். வெறும் சாம்பல் பட்டை. மூன்று படமும் அதே கதி.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "சக்கரமே இல்லாத வண்டியை நாம எப்படி வாங்கினோம்னு கேப்பாங்க."

"உங்களுக்குச் சிரிப்பு. நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

கடைவீதியில் கேமரா பழுது பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். இப்போது கேமரா கொண்டுவருகிற ஆளில்லாமல் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னுமா அதை வெச்சிருக்கீங்க? அதுக்கு ஓய்வு குடுங்க அக்கா, பாவம்."

"ஓய்வு குடுக்கலாம், உங்க கடையில புதுசு ஒண்ணு எடுத்துக்கச் சொல்லுவீங்க. முதல்ல இதுக்கு வழி சொல்லுங்க. பாதிப் படம்தான் வருது."

"பாதி வருதுன்னா அதுக்குக் கண்ணு நல்லா இருக்கு, எழுதி வைக்கிற இடத்துலதான் கோளாறு. கார்டை வெளிய எடுங்க. ஓரத்துல பல்லு மாதிரி பளபளன்னு தெரியுதா? பேனா ரப்பர் வேணாம், பென்சில் ரப்பரால மெதுவாத் தேயுங்க. உங்க வீட்டுக்காரர் தகரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுடாதீங்க."

தேய்த்தாள். ஊதினாள். திரும்பச் செருகி எடுத்துப் பார்த்தாள். சக்கரம் வந்துவிட்டது. முகமெல்லாம் மலர்ந்து போனில் சொன்னாள்.

"அப்படியே இன்னொண்ணும் பார்த்துடுங்க. வெளிய போய் வெறும் வானத்தைப் படம் எடுங்க. மேகம் இல்லாத இடமா. பெருசு பண்ணிப் பாருங்க, ஏதாவது புள்ளி, கறை தெரியுதான்னு."

"வானத்தை எதுக்கு?"

"வானத்துல ஒண்ணும் கிடையாது பாருங்க. படத்துல ஏதாவது இருந்தா அது கேமராவோட சொந்தச் சரக்கு."

வாசலுக்குப் போய்த் தன் குறியிலேயே நின்று அண்ணாந்து ஒரு படம் எடுத்தாள். மழை கழுவிவிட்ட வானம், துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. உள்ளே வந்து கணினியில் போட்டுப் பெரிதாக்கினாள். நீலத்தில் ஒரு கோடு இருந்தது. இடப்பக்கம், நடுவுக்குச் சற்று மேலே. நகத்தால் கீறிவிட்டதுபோல ஒரு முனை மெலிந்து வளைந்திருந்தது.

மின்கம்பியாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பறவையாக இருக்கும் என்று நினைத்தாள். திரும்பப் போய் வேறு பக்கமாகத் திரும்பி எடுத்தாள். கோடு அதே இடத்தில் இருந்தது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரை எடுத்தாள். அதிலும் இருந்தது. கூரைக்கு அடியில் வந்து உள்சுவரை எடுத்தாள். அதில் இல்லை. உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. அந்தக் கோட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி போன் செய்தபோது குரல் இறங்கிவிட்டிருந்தது. "ஒரு கோடு தெரியுது. வெயில்ல எடுத்தா மட்டும். நிழல்ல எடுத்தா இல்ல."

"அப்படித்தான் தெரியும். உள்ள ஏதோ நூலு புகுந்து, படம் விழற தகடு மேல உட்கார்ந்திருக்கு. மூக்கை நீட்டி இழுக்கும்போது காத்தோட சேர்த்து இழுத்திருக்கும். வெயில்ல போனா நம்ம கண்ணு சுருங்குது இல்ல, அதுக்கும் உள்ள ஒரு ஓட்டை இருக்கு, அது சுருங்கும். சுருங்கினா அந்த நூலோட நிழல் நறுக்குன்னு விழும். நிழல்ல ஓட்டை பெருசா விரிஞ்சிருக்கும், நூலு கலங்கிப் போய்த் தெரியாது."

"எப்பலேருந்து இருக்கும்?"

"அதை யாரு கண்டா? உள்ள போனது தானா வெளிய வராது. பழைய படம் இருந்தா பாருங்க, அதே இடத்துல உட்கார்ந்திருக்கும். எதுக்கு அக்கா கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் கூப்பிடுறேன்."

பழைய படங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. ஆனாலும் பார்த்தாள். வெள்ளைக் கார், வெள்ளிக் கார், வெளிர்மஞ்சள் கார். வாசலில் எடுத்த ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் பக்கக் கதவில், ஒரு ஆள் சாய்ந்து கை ஊன்றுகிற உயரத்தில், அதே நகக்கீறல். முன்னாலும் பின்னாலும் எடுத்தவற்றில் அது கண்ணாடியில் விழுந்து தொலைந்துபோயிருந்தது. கறுப்புக் கார்களில் கறுப்போடு கறுப்பாக மறைந்துபோயிருந்தது.

தம்பிக்குப் பட்டறையில் பளிங்கு என்று பெயர். அவன் பாலீஷ் போட்ட கதவில் முகம் பார்த்து மீசை கத்தரித்துக்கொண்ட வாடிக்கைக்காரர் உண்டு. இடது கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் கூரைமேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். தேய்க்கும்போது பேசமாட்டான். தேய்க்காதபோதும் அதிகம் பேசமாட்டான். ஆனால் பேசினால் ஒரே வார்த்தையில் ஆளைச் சிரிக்க வைத்துவிட்டு, தான் சிரிக்காமல் போய்விடுவான். அவனும் அவன் மனைவியும் கைக்குழந்தையும் பட்டறைக்கு மேலேயிருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

போன கோடையில் ஒருவர் வெள்ளைக் காரோடு திரும்பி வந்து சத்தம் போட்டார். கதவில் கீறல். இங்கேயே விழுந்ததைப் பாலீஷ் போட்டு மறைத்துவிட்டார்கள் என்றார். அவர் வீட்டு கேட் கீறியதோ, தெருவில் போன சைக்கிள் கீறியதோ, யார் கண்டது. பட்டறையம்மா தன் படங்களை எடுத்துப் பார்த்தாள். வந்தபோது கதவு சுத்தமாக இருந்தது. போனபோது கோடு இருந்தது. அவர் காட்டிய கீறல் சற்றுத் தாழ்வாக இருந்ததை யாரும் அளந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம்தான் அவள் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தோண்டினாள். வந்த வண்டியெல்லாம் சுத்தம். போன வண்டியெல்லாம் கீறல்.

அதன் பிறகு ஒரு வண்டி கிளம்புவதற்கு முன் பட்டறைக்காரர் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. படத்தில் தெரிந்தது.

"பாலீஷ் புதுசா இருக்கும்போது மயிர்க்கீறல் தெரியாது. மெழுகு உள்ள போய் அடைச்சுக்கும். ரெண்டு தடவை கழுவினா வெளிய வந்து பல்லை இளிக்கும். நம்ம கண்ணு ஏமாறும், கேமரா ஏமாறாது" என்றார். தொழில் தெரிந்ததால் வந்த வினை அது. ஒன்றும் தெரியாத ஆளாக இருந்திருந்தால் தன் கண்ணையே நம்பியிருப்பார்.

ஊன்றுகிற கையில் பளிங்குக்கு ஒரு மோதிரம் இருந்தது. அவன் மனைவி தன் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்டது. "அதைக் கழட்டிடுங்க தம்பி" என்றாள் பட்டறையம்மா. மூட்டு தடித்துப்போய் மோதிரம் வரவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் ரம்பப் பிளேடை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்து அறுத்தான். தோலும் சேர்ந்து அறுபட்டது. துணி சுற்றிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தான். அடுத்த வெள்ளைக் கார் போனது. படத்தில் கோடு இருந்தது.

மோதிரமும் இல்லை. அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறான், மோதிரத்தை அறுக்க வைத்த ஆத்திரம் என்று அவள்தான் சொன்னாள். பட்டறைக்காரர் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடக்கிற ஆள். கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டார். கூடப்பிறந்தவனை, வாடிக்கைக்காரர் எதிரில். பளிங்கு கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. இரண்டு கைகளையும் விரித்து அவளிடம்தான் காட்டினான்.

"என் கையில ஒண்ணும் இல்லையே, அண்ணி."

"படம் பொய் சொல்லுமா, தம்பி?" என்றாள் அவள்.

மறுநாள் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். தம்பியின் மனைவி, வீட்டுக்குச் சின்னவள், அவள் மட்டும் படியில் நின்று, "அக்கா, நீங்க நல்லா இருங்க" என்றாள். வசைபோலவும் இல்லை, வாழ்த்துபோலவும் இல்லை. அந்த வாரமே அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே ஆபீஸ் மேசையில் படித்துக்கொண்டிருந்த மகள் தன் புத்தகங்களை மேலே கொண்டுபோனாள். நல்ல காற்று வருகிற அறை. மகளுக்கு அப்படி ஓர் அறை இருந்தால் தேவலை என்று அதற்கும் ஒரு வருஷம் முன்பிருந்தே பட்டறையம்மா அந்த ஜன்னலை அண்ணாந்து பார்ப்பதுண்டு. வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஒரு படத்தை அழித்தாள். அது வானம். சுவரையும் அழித்தாள். கேமரா பழசு, பாதிப் படம் எடுத்தது கணவருக்கே தெரியும். போயே போய்விட்டது என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிட்டால், ஒரு பயலுக்கும் தெரியப்போவதில்லை. பழுது பார்க்கிறவருக்கு எந்தக் கார், எந்தக் கொழுந்தன் என்று என்ன தெரியும்?

மகள் படியிறங்கி வந்தாள். "கேமரா சரியாயிடுச்சாம்மா?"

"இல்ல. வீணாப் போச்சு."

பொய் எவ்வளவு சுளுவாக வந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. நாளைக்கு ரெடியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு.

மழைக்கு உள்ளே இழுத்துப் போட்ட துணிகளை வெயிலில் போடலாம் என்று எழுந்து கொல்லைக்குப் போனாள். கொடியில் கிளிப் போட்டு வைக்கிற சின்னப் பை தொங்கியது. கையை விட்டு ஒரு கிளிப்பை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பாலீஷ் துணியை மடித்துக் கறுப்பு நூலில் பளிங்கு கையாலேயே தைத்த பை அது. கேமராவுக்கென்று தைத்துக் கொடுத்தான். "பாலீஷ் மெஷின்ல போடுற பஞ்சு வட்டம் நூலு நூலாப் பறக்குது அண்ணி. இதுக்குள்ள போட்டு வைங்க, உள்ள போயிடும்" என்றான். எடுத்து எடுத்து வைக்கத் தொந்தரவாக இருக்கிறது என்று அவள்தான் அதைக் கிளிப் பையாக்கிவிட்டாள். கேமரா பாலீஷ் மேசைக்கு மேலே, திறந்த அலமாரியில் கிடந்தது.

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள். முதலில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கேமராவையும் வானத்தையும் ஓட்டையையும் சொன்னாள். பட்டறைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"நிச்சயமாவா?"

"வாசல்ல போய் நீங்களே எடுத்துப் பாருங்க."

கையைக் கழுவாமலே எழுந்துபோய் எடுத்தார். வானத்தை எடுத்தார், சுவரை எடுத்தார், தன் வெள்ளைப் பனியனைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்தார். திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"நீதானே காட்டினே" என்றார்.

"நான் காட்டினேன். அடிச்சது யாரு?"

"நீ காட்டலைன்னா நான் எதுக்கு அடிக்கப்போறேன்?"

"கதவைத் தடவிப் பார்த்தீங்களே, ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுதே. மெழுகு அடைச்சுக்குச்சுன்னு சொன்னது நானா?"

"அது தொழில்ல உள்ளதுதான். நான் என்ன இல்லாததையா சொன்னேன்?"

"அதையேதான் சொல்றேன். இருக்கிறதைச் சொல்லித்தான் அவரைத் தொரத்தினோம்."

அவர் கையில் காய்ந்த சோற்றைத் தட்டில் உதிர்த்தார். மின்விசிறி கடகடத்தது.

"அவன் கன்னத்துல விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. அதான் தெரியுமா, இப்பல்லாம் தகரத்தைத் தட்டும்போது கூடுதலாத் தட்டுறேன்" என்றார் அவர்.

"நாளைக்கு போகலாம். ரெண்டு பேருமா."

"நான் வரல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது? நீ போ. உன்னைன்னா அவன் மறுத்துப் பேசமாட்டான்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பட்டறையில் நிமிர்த்தி முடித்து வைத்திருந்த கதவொன்றை எடுத்துப் போட்டு, சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். நேராக இருந்த கதவு நெளிந்தது. அதன் பிறகு அந்த நெளிவை எடுக்கச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

மேலே இருந்த அறையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு எதற்குப் பதில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எல்லாம் அந்த நூல் செய்த வேலை. தான் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அப்படி நினைக்க நினைக்க மனசு லேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை.

பளிங்கு பேருந்து கழுவுகிற இடத்தில் வேலை பார்க்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். ஊர்க் கடைசியில் பெரிய கொட்டகை. காலையில் அவள் போனபோது தரையெல்லாம் சோப்பு நுரை ஓடிக்கொண்டிருந்தது. டீசலும் ஈரமும் கலந்த வாடை. பேருந்துகள் வரிசையாக உள்ளே வந்து, நனைந்து, சொட்டச் சொட்ட வெளியே போயின. மேற்பார்வை செய்கிறவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவனா? அதோ, அந்த வண்டிக்கு அடியில. சக்கரம் மட்டும்தான் கழுவுவான். நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

"அண்ணி."

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. பாலீஷ் வேலை தெரிஞ்ச ஆளுன்னுதான் எடுத்தோம். மேல் பாடியைத் தொடச் சொன்னா, கையைப் பின்னால கட்டிக்கிறான். என் கை ஆகாது சார், கீறல் விழும்ங்கிறான். கையா அது, கத்தியா? எங்க பஸ்ஸுல இனிமே விழறதுக்குக் கீறல் மிச்சம் இருக்கா, நீங்களே பாருங்க."

அவன் கோபமாக இருப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவர்களை மனசுக்குள் சபித்துக்கொண்டிருப்பான் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் சொன்னதை அவன் நம்பியிருப்பான் என்று மட்டும் நினைக்கவில்லை.

பளிங்கு பேருந்துக்கு அடியிலிருந்து குனிந்து வெளியே வந்தான். இளைத்திருந்தான். முழங்கால்வரை நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"வாங்க அண்ணி. அண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல, தம்பி."

"பாப்பாவுக்கு?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். உங்ககிட்டதான் ஒண்ணு சொல்லணும்."

"இருங்க, டீ சொல்றேன்" என்று, வேண்டாம் என்பதற்குள் போய்விட்டான். இரண்டு கண்ணாடித் தம்ளர்களைப் பிடித்துக்கொண்டு வந்து ஒன்றை அவளிடம் நீட்டினான். விரலில் மோதிரம் இருந்த இடத்தில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தான். அவள் தம்ளரை வாங்கிப் பக்கத்துத் திண்டில் வைத்தாள். கேமராவை எடுத்தாள். அதற்குள் முந்தின நாள் கணவர் எடுத்த வானம் இருந்தது. அதன் கண்ணாடித் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். கோட்டைக் கண்டதும் தோள்கள் சட்டென்று குறுகின. "எந்த வண்டி அண்ணி? நான் அங்கேயிருந்து வந்ததுக்கு அப்புறமுமா?"

"வண்டி இல்ல தம்பி. ஆகாயம். வெறும் ஆகாயம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மேலே பார்த்தான். திரும்பக் கேமராவைப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். நூல், ஓட்டை, வெயில், நிழல், கறுப்புக் கார், கிளிப் பை. மூச்சு வாங்கச் சொன்னாள். "நீங்க தெச்சுக் குடுத்த பையில போட்டு வெச்சிருந்தா இது நடந்திருக்காது. எல்லாம் இந்தப் பாழாப்போன கேமராவால" என்றாள்.

அவன் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். கண்ணாடியின் மேல், மெதுவாக, நகம் படாமல்.

"அவ்வளவு உயரத்துக்கு எனக்குக் கை எட்டாதே, அண்ணி" என்றான்.

பழைய பளிங்கின் பேச்சு. அவன் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் சிரிப்பும் அழுகையுமாக வெடித்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேற்பார்வைக்காரர் நாற்காலியிலிருந்து காலை இறக்கிப் பார்த்தார்.

"அழாதீங்க. பார்க்கிறாங்க" என்றான். அப்புறம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "நானே நம்பிட்டேன் அண்ணி. மொதல்ல நம்பல. மோதிரத்தை எடுத்தப்புறமும் விழுந்துச்சுன்னு நீங்க சொன்னீங்க இல்ல, அப்ப நம்பிட்டேன். நம்ம உடம்புல என்ன இருக்குன்னு நமக்கே தெரியாதோன்னு தோணிடுச்சு. பையனைக்கூடத் துண்டோட சேர்த்துதான் தூக்குவேன். அவ திட்டுவா."

"வந்துடுங்க தம்பி. அண்ணனே சொல்லி அனுப்பினாரு. வர வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல இருக்காரு. உங்க மேசை அப்படியே இருக்கு."

அவன் பக்கத்தில் நின்ற பேருந்தைப் பார்த்தான். அப்போதுதான் கழுவி நிறுத்தியிருந்தார்கள், ஈரத்தில் பளபளத்தது. கையைக் கொஞ்சம் நீட்டினான். உள்ளங்கை தகரத்தில் படுவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பிறகு அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"வர்றேன், வரலைன்னு இப்ப சொல்ல முடியாது. இதுக்குத் தெரியணும் இல்ல" என்றான், பையிலிருந்த கையை உள்ளேயே அசைத்து.

"எவ்வளவு நாள் வேணும்னாலும்."

"பாப்பா நல்லாப் படிக்குதா?"

"படிக்கிறா."

"மேல் ரூம்ல ராத்திரி நல்லாக் காத்து வரும். தெருப்பக்க ஜன்னலைத் திறந்தா கொசு வரும், கொல்லைப்பக்கத்தைத் திறந்து வெச்சுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்."

அவன் கொஞ்சம் தயங்கினான். குரலில் கோபமில்லை. விலாசம் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

"பாப்பாவுக்கு ரூம் வேணும்னு கேட்டிருந்தீங்கன்னா, நாங்களே காலி பண்ணிக் குடுத்திருப்போமே, அண்ணி."

அவள் கேமராவை இறுகப் பிடித்தபடி நின்றாள். உள்ளே போன நூலைப் பற்றிச் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. இது நூலைப் பற்றியது இல்லை. இல்லை தம்பி, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. நாளைக்கு ரெடியாகிவிடும் என்று சொல்கிற அதே வாய். அவள் அதை மூடிக்கொண்டாள். பேருந்தொன்று உள்ளே நுழைந்து, தண்ணீர் பீய்ச்சும் சத்தம் எழுந்து அடங்கியது.

"ஆமா தம்பி" என்றாள். "எனக்கு அந்த ரூம் வேணும்னு இருந்துச்சு. ஒரு வருஷமா இருந்துச்சு. அதனாலதான் அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு…"

கேமராவைக் கைப்பைக்குள் திணித்தாள்.

"தெரியும் அண்ணி" என்றான். "வீட்டுல அவளுக்கும் தெரியும். டீ ஆறுது பாருங்க, குடிங்க."

திண்டில் இருந்த தம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பேருந்துக்கு அடியில் குனிந்து போனான். அவள் அங்கேயே நின்று, ஆடை படிந்து ஆறிப்போன அந்த டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள்.